மரம், மூங்கில், பைப்: கையில் கிடைத்த பொருளில் குவாட்காப்டர் ஃபிரேம் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார்பன் ஃபைபர் ஃபிரேம் தயாராகவே கிடைக்கிறதே, பிறகு எதற்கு மரமும் பைப்பும்?

குவாட்காப்டர் என்பது நான்கு ப்ரொப்பெல்லர்களால் பறக்கும் ட்ரோன். அதன் எலும்புக்கூடுதான் ஃபிரேம்: ஒரு நடுத்தட்டு, அதிலிருந்து நீண்டு முனையில் மோட்டாரைத் தாங்கும் நான்கு ‘கைகள்’. முதல் காரணம், நீங்களே அறுத்து, துளையிட்டு, திருகி முடித்த ஒன்று மேலே எழும்போது அதன் ஒவ்வொரு மூட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது கோளாறு வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், விழுந்து உடைந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு கை செய்துகொள்ளலாம். புதிதாகப் பறக்கப் பழகுபவர் அடிக்கடி விழுவார். உடைந்த பாகத்துக்காகப் பார்சல் வரும்வரை காத்திருப்பது பழக்கத்தையே நிறுத்திவிடும்.

மரம் ஒன்றும் பறப்பதற்கு அந்நியமான பொருள் இல்லை. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் உடல் ஸ்ப்ரூஸ் மரம். அதன் ப்ரொப்பெல்லர்களும் மரத்தில் செதுக்கியவை.

இன்னொன்று: கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை மறைக்கும். மரமும் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் இரண்டையும் செய்யாது. ஆன்டெனாவை எங்கே வைப்பது என்ற தலைவலி பாதி குறையும்.

ஃபிரேமின் வேலைதான் என்ன? நான்கு மோட்டாரைத் தாங்கினால் போதாதா?

தாங்குவது சின்ன வேலை. பெரிய வேலை வேறு. நடுவில் இருக்கும் ஃபிளைட் கன்ட்ரோலரின் (பறப்பைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) கைரோ என்ற உணரி, உடல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. அதை வைத்து மோட்டார்களுக்குக் கட்டளை போகிறது. மோட்டார் தள்ளிய உடனே நடுப்பகுதியும் நகர வேண்டும். கை வளைந்து கொடுத்தால் மோட்டார் மேலே போகும், நடு கொஞ்சம் தாமதித்துப் போகும், கை நிமிரும்போது அளவுக்கு மேல் போகும். கன்ட்ரோலர் அதைத் திருத்தப் பார்க்கும். திருத்தமும் தாமதமாகவே போய்ச் சேரும். இப்படித்தான் நடுக்கம் பிறக்கிறது.

ஆகவே ஃபிரேமுக்கு முதலில் வேண்டியது விறைப்பு. உடையாத உறுதி அதற்கு அடுத்துதான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நிறையப் பேரின் முதல் ஃபிரேம் பறக்காமல் போகிறது. ரப்பர் உடையாது, ஆனால் அதில் கை செய்ய முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 450 மி.மீ அளவு (எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே உள்ள தூரம்) ஃபிரேமில் நடுத்தட்டுக்கு வெளியே நீளும் கை சுமார் 150 மி.மீ இருக்கும். 10 அங்குல ப்ரொப்பெல்லர் முழு வேகத்தில் 8 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 800 கிராம் தள்ளுகிறது என்று வையுங்கள்.

10 மி.மீ சதுரப் பைன் கட்டை: முனை சுமார் 1.2 மி.மீ வளையும், கையின் எடை 7 அல்லது 8 கிராம். அதே 10 மி.மீ சதுரத்தில் காய்கறி வெட்டும் பலகையின் பிளாஸ்டிக்: சுமார் 12 மி.மீ வளையும், எடை 14 கிராம். 20 மி.மீ வெளிவிட்டமும் 1.5 மி.மீ சுவரும் உள்ள பிவிசி பைப்: 0.8 மி.மீ, 18 கிராம். 10 மி.மீ சதுர அலுமினியக் குழாய், 1 மி.மீ சுவர்: 0.3 மி.மீ-க்கும் குறைவு, எடை 15 கிராமுக்குச் சற்றுக் கீழே.

எடைக்கு எடை பார்த்தால் பைன் கட்டை எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று கவனியுங்கள். நான் மரத்தைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

அப்படியானால் கையைத் தடிமனாக்கினால் எந்தப் பொருளும் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகும். விறைப்பு உயரத்தின் மூன்று மடிப் பெருக்கத்தில் ஏறும். உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் வெறும் இரண்டு மடங்கு. 10 மி.மீ கட்டையை 12 மி.மீ உயரமாக்கினால் அதுவே 1.7 மடங்கு விறைப்பு தரும். ஆகவே செவ்வகக் கட்டையைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்துங்கள். ப்ரொப்பெல்லரின் காற்று அடிக்கும் பரப்பும் அதனால் குறையும்.

கையின் நீளத்துக்கும் இதே மூன்றாம் மடிக் கணக்கு, எதிர்த் திசையில். கொஞ்சம் நீட்டினாலும் வளைவு வேகமாகக் கூடும். தேவைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட நீட்டாதீர்கள்.

முதல் ஃபிரேமுக்கு எந்தப் பொருள் நல்லது?

கைகளுக்கு நன்கு உலர்ந்த மரக்கட்டை, நடுத்தட்டுக்கு 3 மி.மீ பிளைவுட். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ரம்பம், டிரில், உப்புத்தாள் மூன்றும் இருந்தால் போதும். தச்சர்கள் ரீப்பர் என்று சொல்லும் மெல்லிய கட்டைகளில் நேரான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நான்கு கைக்கும் ஒரே கட்டை போதும்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது அதிர்வைத் தானே விழுங்கும். அலுமினியத்தைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். மரத்தைத் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கிவிடும். அந்த ‘டொக்’தான் கைரோவுக்கு வேண்டியது.

மரத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

கட்டையின் பக்கவாட்டில் ஓடும் ரேகையைப் பாருங்கள். ஒரு முனையில் தொடங்கிய ரேகை மறுமுனைவரை கட்டைக்கு இணையாகவே ஓட வேண்டும். நடுவில் சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால், விழும்போது சரியாக அந்த இடத்தில் பிளக்கும். கணு இருக்கும் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

கட்டையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து மறுமுனையைப் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். லேசான வளைவைச் சமாளிக்கலாம். முறுக்கைச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் அது மோட்டாரைச் சாய்த்துவிடும்.

அப்புறம், நான்கு கைகளையும் அறுத்தவுடன் எடை போட்டுப் பாருங்கள். ஒரே நீளத்தில் எடை வித்தியாசம் அதிகமாக இருந்தால் அவற்றின் அடர்த்தியும் விறைப்பும் வேறு வேறு என்று அர்த்தம். நெருங்கிய எடை உள்ள நான்கை ஜோடி சேருங்கள். தேக்கு, கருங்காலி போன்ற கனமான மரங்கள் வேண்டாம்.

மூங்கில்?

அழகான பொருள், ஆனால் அவசரக்காரர்களுக்கு இல்லை. மூங்கிலின் நார்கள் வெளித்தோலுக்கு அருகில்தான் அடர்த்தி. உள்பக்கத்தைச் சீவி எடுத்துவிட்டு வெளிப்பக்கத்தை வைத்துக்கொண்டால் எடை குறையும், விறைப்பு அதிகம் போகாது. இரண்டு பிளாச்சுகளை உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து எப்பாக்சியால் ஒட்டினால் மேலும் கீழும் நார் அடர்த்தியான தோல் வரும். வளைவைத் தாங்கும் வேலை மேல், கீழ் பரப்புகளில்தான் நடப்பதால் இந்த அமைப்பு மிகவும் பலமானது.

குறை இதுதான்: துளையிட்டால் நார் வழியே பிளக்கும். துளை வரும் இடத்தின் இரு பக்கமும் நூலை நெருக்கமாகச் சுற்றி, பசை தடவி, காய்ந்த பிறகு துளையிடுங்கள். இன்னும் நல்லது, மூங்கிலில் துளையே போடாமல் இரண்டு பிளைவுட் தட்டுகளுக்கு நடுவே பிடித்துக் கட்டுவது. பச்சை மூங்கில் கூடவே கூடாது. காயக்காயச் சுருங்கி எல்லாக் கட்டும் தளர்ந்துவிடும்.

பிவிசி பைப்பில் செய்தேன். பறக்கிறது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் சுழலப் பார்க்கிறது. ஏன்?

பைப் வட்டமாக இருப்பதால் பிடிக்குள் கொஞ்சம் உருண்டு, அதன் மேலிருக்கும் மோட்டார் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத 2 டிகிரி சாய்வே போதும். உந்துவிசையின் ஒரு பங்கு கிடைமட்டமாகத் திரும்பி, கையின் முழு நீளத்தையும் நெம்புகோலாக வைத்து உடலைச் சுழற்றும். குவாட்காப்டர் திரும்புவதற்குப் பயன்படுத்தும் மோட்டார் எதிர்ச்சுழற்சி மிகவும் பலவீனமான விசை. அதனால் இந்தச் சின்னச் சாய்வுக்கே அது திணறும்.

தீர்வு: பைப்பையும் பிடிப்பையும் ஊடுருவி ஒரு போல்ட் போடுங்கள். உருள்வது நிற்கும். மோட்டார் வரும் முனையில், பைப்புக்குள் இறுக்கமாக நுழையும் மரத்துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது பைப் நசுங்கி முட்டை வடிவமாகும், மறுநாள் போல்ட் தளரும்.

சரிபார்க்க எளிய வழி: இரண்டு நீண்ட நேரான குச்சிகளை எதிரெதிர் மோட்டார்களின் மேல் படுக்க வைத்து, ஒரு பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டும் இணையாக இல்லாவிட்டால் எது சாய்ந்தது என்று தெரிந்துவிடும்.

பைப்பைச் சூடாக்கி வளைப்பவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள். பிவிசி கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கக்கூடியது.

காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகை உடையவே உடையாது என்கிறார்களே?

உடையாது என்பது உண்மை. என் இரண்டாவது ஃபிரேம் அதில்தான் செய்தேன். பலகையிலிருந்து எக்ஸ் வடிவத்தை ஒரே துண்டாக வெட்டி எடுத்தேன். மூட்டே இல்லை என்று பெருமையாக இருந்தது. தரையிலிருந்து எழுந்தவுடன் நான்கு கைகளும் நடுங்கின. பி.ஐ.டி எண்களை (சாய்வைத் திருத்த கன்ட்ரோலர் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று சொல்லும் எண்கள்) குறைத்துக் குறைத்து இரண்டு வாரம் போராடினேன். நடுக்கம் அடங்கும் அளவுக்குக் குறைத்தபோது, காற்று லேசாக அடித்தாலே நிலைகுலைந்தது.

காரணம் அப்புறம்தான் கணக்கில் புரிந்தது. மேலே சொன்ன 150 மி.மீ பிளாஸ்டிக் கையின் முனையில் 65 கிராம் மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் இருந்தால், அது நொடிக்கு ஏறத்தாழ 16 முறை ஊசலாடும் இயல்புடையது. அதே பைன் கை சுமார் 50 முறை. பெரிய ப்ரொப்பெல்லர் கொண்ட குவாட்காப்டர் தன்னை நிமிர்த்திக்கொள்ள எடுக்கும் நடவடிக்கைகளும் நொடிக்கு 10, 20 முறை என்ற அளவில்தான் நிகழும். கையின் சொந்த ஊசலாட்டமும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால், எது உடலின் அசைவு, எது கையின் துள்ளல் என்று கன்ட்ரோலரால் பிரிக்க முடியாது. கைரோவின் அளவிலிருந்து அதிர்வை நீக்கும் மென்பொருள் ஃபில்டரும் உதவாது, அந்த வேகத்தை வடிகட்டினால் உண்மையான அசைவையும் சேர்த்து வடிகட்டிவிடும்.

கைகளின் கீழே 8 மி.மீ உயர மெல்லிய மரச்சட்டங்களைச் செங்குத்தாக ஒட்ட முயன்றேன். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. கடைசியில் திருகி இறுக்கினேன், நடுக்கம் போய்விட்டது. அதாவது கடைசியில் பறந்தது மரம்தான். 3 அங்குல ப்ரொப்பெல்லர் அளவுக்குள், கை 60 மி.மீ-க்குள் இருந்தால் இந்தப் பலகை பரவாயில்லை.

அலுமினியம் எண்களில் எல்லாவற்றையும் விட விறைப்பாக இருக்கிறதே? அதையே எடுத்தால் என்ன?

எடுக்கலாம், நன்றாகவும் பறக்கும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து எடுங்கள்.

ஒன்று, அதிர்வு. 10 அங்குல ப்ரொப்பெல்லர் மிதக்கும் நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்றும், முழு வேகத்தில் 7,000-க்கு மேலும் சுற்றும். நொடிக்கணக்கில் 75 முதல் 120. மேலே சொன்ன அலுமினியக் கையின் சொந்த ஊசலாட்டம் நொடிக்கு நூற்றுச் சொச்சம், சரியாக அந்த வரம்புக்குள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மோட்டார் வரும்போது கை அதோடு சேர்ந்து அதிரும். மரத்தைப் போல அது அதிர்வை விழுங்காது. குழாய்க்குள் ஸ்பாஞ்ச் துண்டுகளை அடைத்தாலோ மெல்லிய மரக்குச்சியைச் செருகினாலோ அடங்கும்.

இரண்டு, மோதினால் வளைந்து அப்படியே நின்றுவிடும். மரம் உடைந்தால் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் 3 டிகிரி வளைந்தது தெரியாமல் மறுபடி பறக்கவிடுவீர்கள். வளைந்ததை நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகும்.

3டி பிரின்ட் செய்த கைகள்?

அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ என்ற பிளாஸ்டிக் விறைப்பானது, ஆனால் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கைகள் தொங்கிப்போகும். சூடான மோட்டாரின் அடியிலும் இதே ஆபத்து. பி.இ.டி.ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் கொஞ்சம் மேல். எந்தப் பிளாஸ்டிக் ஆனாலும் கையைப் படுக்க வைத்து அச்சிடுங்கள். நிறுத்தி அச்சிட்டால் அடுக்குகளுக்கு இடையே ஒடியும்.

என் யோசனை: கைகளை மரத்தில் வைத்து, மோட்டார் பிடி, நடு இணைப்பு, கால்கள் ஆகியவற்றை மட்டும் அச்சிடுங்கள். சிக்கலான வடிவம் அச்சுக்கு எளிது, நீண்ட நேரான வடிவம் மரத்துக்கு எளிது.

தெர்மாகோல், அட்டை, ஐஸ்கிரீம் குச்சி இவற்றில் செய்ய முடியுமா?

உள்ளங்கை அளவுள்ள சின்னக் குவாட்காப்டருக்கு ஐஸ்கிரீம் குச்சி தாராளமாகப் போதும். குழந்தைகளோடு செய்ய அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தெர்மாகோலும் அட்டையும் தனியாக நிற்காது. ஆனால் இரண்டு மெல்லிய விறைப்பான தகடுகளுக்கு நடுவே லேசான பொருளை வைத்து ஒட்டினால் கதையே மாறும். 1940-இல் முதலில் பறந்த ‘மொஸ்கிட்டோ’ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடல் இப்படித்தான் செய்யப்பட்டது: மெல்லிய பிளைவுட், நடுவில் பால்சா மரம், மறுபடி பிளைவுட். நடுத்தட்டுக்கு இந்த உத்தியைப் பயன்படுத்திப் பாருங்கள். 1 மி.மீ பிளைவுட் இரண்டு, நடுவே 5 மி.மீ கெட்டியான ஃபோம். கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தால் நம்பவே முடியாது. போல்ட் வரும் இடங்களில் மட்டும் ஃபோமை எடுத்துவிட்டு மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் நசுங்கும். ஒட்டுவதற்கு எப்பாக்சி. சயனோஅக்ரிலேட் பசை (நொடியில் ஒட்டும் பசை) தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

அளவை எப்படி முடிவு செய்வது?

ப்ரொப்பெல்லரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ் வடிவத்தில் எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே உள்ள தூரத்தை 0.707-ஆல் பெருக்கினால் அடுத்தடுத்த மோட்டார்களின் தூரம் வரும். 450 மி.மீ ஃபிரேமில் அது 318 மி.மீ. 10 அங்குல ப்ரொப்பெல்லர் 254 மி.மீ, எனவே இடைவெளி 64 மி.மீ. 250 மி.மீ ஃபிரேமில் 177. 5 அங்குல ப்ரொப்பெல்லர் 127. இடைவெளி 50 மி.மீ. கை வளையக்கூடிய பொருள் என்பதால் இடைவெளியைத் தாராளமாகவே விடுங்கள், ஆனால் கையை நீட்டினால் விறைப்பு போகும் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

ஃபிளைட் கன்ட்ரோலரின் நான்கு திருகுத் துளைகள் சதுரமாக, பெரும்பாலும் 30.5 மி.மீ இடைவெளியில் இருக்கும், சிறியவற்றில் 20 மி.மீ. துளையிடுவதற்கு முன் உங்கள் பலகையை வைத்தே குறியுங்கள்.

எக்ஸ் வடிவமா, ஹெச் வடிவமா?

எக்ஸ். ஹெச் வடிவத்தில் நடுவில் ஒரு நீண்ட தண்டு இருப்பதால் கேமரா, பேட்டரி வைக்க இடம் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும். திரும்பச் சொல்லும்போது ஒரு மூலைவிட்டத்து மோட்டார்கள் வேகமெடுக்க, தண்டு முறுகி, மோட்டார்கள் எல்லாம் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வு திரும்புவதற்கு எதிராகவும் வேலை செய்யலாம், உதவியாகவும் செய்யலாம்; அது மோட்டார்கள் சுழலும் திசையைப் பொறுத்தது. அதனால்தான் கன்ட்ரோலரில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளில் ஹெச் ஃபிரேமுக்கு மோட்டார் சுழற்சித் திசைகள் எக்ஸ் வடிவத்துக்கு நேர்மாறாக உள்ளன. ஹெச் செய்தே தீருவேன் என்றால் இதைக் கவனித்துப் பொருத்துங்கள், தண்டை அகலமான பெட்டி போலச் செய்யுங்கள்.

மோட்டாரைக் கையில் எப்படிப் பொருத்துவது?

எந்தப் பொருளில் செய்தாலும், கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடம்தான். நான் பழுது பார்த்த வீட்டு ஃபிரேம்களில் கையே உடைந்தவற்றைவிட மூட்டு தளர்ந்தவைதான் அதிகம். அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள்.

மரத்தில் மோட்டாரை நேராகத் திருகாதீர்கள். 10 மி.மீ அகலக் கட்டையில் மோட்டாரின் நான்கு துளைகளும் வராது, வந்தாலும் ஓரம் பிளக்கும். 3 மி.மீ பிளைவுட்டில் மோட்டாரைவிடச் சற்றுப் பெரிய தட்டு ஒன்று வெட்டி, அதைக் கையின் மேல் மரப்பசையால் ஒட்டுங்கள். பசை காயும்வரை கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். திருகின் தலைக்குக் கீழே வாஷர் கட்டாயம். மரம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கும். வாஷர் அந்த அழுத்தத்தைப் பரப்பும். முதல் நான்கைந்து பறப்புகளுக்குப் பிறகு எல்லாத் திருகையும் மறுபடி இறுக்குங்கள், அதன் பிறகு மாதம் ஒருமுறை போதும்.

திருகின் நீளம் மிக மிக முக்கியம். தட்டின் தடிமனையும் மோட்டாரின் திருகுத் துளை ஆழத்தையும் சேர்த்ததைவிடத் திருகு நீளமாக இருந்தால் மோட்டாருக்குள் புகுந்து செம்புச் சுற்றைத் தொடும். மோட்டாரோடு சேர்ந்து ஈ.எஸ்.சி-யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) எரியும். திருகிய பிறகு மோட்டாரைக் கையால் சுற்றி, பக்கவாட்டுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

திருகு தளராமல் இருக்கத் தடவும் திரவம் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

கையும் நடுத்தட்டும் சேரும் இடத்தில் ஒரே ஒரு போல்ட் போட்டால் கை திரும்பும். இரண்டு போல்ட் வேண்டும், முடிந்த அளவு தள்ளித் தள்ளி. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவே கை. இந்தச் சாண்ட்விச் பிடிப்பை விட்டு வேறு எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை.

விழுந்தால் எது உடையும்படி செய்ய வேண்டும்?

கை. மோட்டாரும் ஃபிளைட் கன்ட்ரோலரும் பேட்டரியும் தப்பிக்க வேண்டும், அதற்குக் கை பலியாகலாம். சிலர் இரண்டு போல்ட்டுகளில் வெளிப்பக்கம் உள்ளதை நைலானில் போடுகிறார்கள். மோதும்போது நைலான் முறியும், கை உள் போல்ட்டைச் சுற்றி மடங்கும், எதுவும் உடையாது. நல்ல யோசனை. கால்களைக் கேபிள் டையால் கட்டினாலும் இதே பலன்.

நடுத்தட்டின் மேலோ கீழோ பேட்டரி உட்காரும் இடத்தில் போல்ட் முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மோதும்போது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். முனைகளை அறுத்துவிட்டு மேலே மெல்லிய பிளைவுட் ஒன்றை வையுங்கள்.

அதிர்வு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்டுபைலட் பயன்படுத்துபவர்களுக்குப் பதிவுக் கோப்பில் அதிர்வு அளவு தனியாகவே வரும். 30 மீ/வி²-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 60-ஐத் தாண்டினால் உயரத்தை நிலையாகப் பிடிப்பதிலும் ஓரிடத்தில் நிற்பதிலும் ஏறக்குறைய நிச்சயமாகச் சிக்கல் வரும். பீட்டாஃபிளைட் என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் பிளாக்பாக்ஸ் எனும் பறப்புப் பதிவைப் பாருங்கள்.

குறைக்கும் வரிசை: முதலில் ப்ரொப்பெல்லரைச் சமன் செய்யுங்கள். லேசான இலையின் பின்பக்கம் சிறு டேப் ஒட்டினாலே போதும். அடுத்து மூட்டுகளை இறுக்குங்கள். அதற்கும் அடுத்துதான் கன்ட்ரோலரின் கீழே ரப்பர் அல்லது ஃபோம். கடைசியில் மென்பொருள் ஃபில்டர். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபில்டர் கூடக்கூட கன்ட்ரோலருக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேரும், அந்தத் தாமதமே புது நடுக்கத்தைக் கொண்டுவரும்.

பி.ஐ.டி எண்களை எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருள் தரும் இயல்பான எண்களில் பி (பிழைக்கேற்பத் தள்ளும் பலம்), டி (அந்தத் தள்ளலை அடக்குவது) இரண்டையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். நிலையாக இருந்தால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். டி-யை ஏற்றும்போது மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடப் பறப்பிலேயே சுட்டால் ஃபிரேமின் அதிர்வுதான் அதைச் சூடாக்குகிறது.

எடை எவ்வளவு வரை போகலாம்?

நான்கு மோட்டாரின் மொத்த உந்துவிசை, பேட்டரியோடு சேர்த்த எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மொத்தம் 1,200 கிராம் என்றால் ஒரு மோட்டார் 600 கிராமாவது தள்ள வேண்டும்.

பல நாடுகளில் 250 கிராம் என்பது பதிவு விதிகள் மாறும் எல்லை. வீட்டில் செய்ததற்கும் விதி உண்டு. உங்கள் நாட்டு விதியைப் பறப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மழை, ஈரப்பதம்?

மழையில் பறக்காதீர்கள். ஈரப்பதத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ் போதும். அறுத்த முனைகளிலும் துளைகளின் உட்புறத்திலும் தடவ மறக்காதீர்கள். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது முனை வழியாகத்தான்.

முதல் முறை பறக்கவிடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டார் திசைகளைச் சரிபாருங்கள். முதல் முறை பேட்டரி இணைக்கும்போது நடுவே ஒரு கார் பல்பைத் தொடராக இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், கருவி தப்பிக்கும்.

அப்புறம் ஒவ்வொரு கையின் முனையையும் விரலால் சுண்டிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி ஒலித்து ஒரே வேகத்தில் அடங்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலித்தால் அங்கே மூட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது மரத்துக்குள் விரிசல். இதை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் செய்கிறேன், பத்து விநாடிகூட ஆகாது.

கயிற்றில் கட்டிப் பறக்கவிட வேண்டாம். கயிறு இறுகும்போது சாயும், கன்ட்ரோலர் எதிர்த்துத் தள்ளும், முடிவில் கயிறு ப்ரொப்பெல்லரில் மாட்டும். புல்தரை, காற்றில்லாத நேரம், உங்களுக்கும் கருவிக்கும் நடுவே நல்ல இடைவெளி. இவை போதும்.

உடைந்த மரக்கையை ஒட்டிப் பயன்படுத்தலாமா?

நீளவாக்கில் பிளந்திருந்தால் மரப்பசை விட்டு, நூல் சுற்றி, ஒரு நாள் காயவிட்டுப் பயன்படுத்தலாம். குறுக்கே ஒடிந்திருந்தால் வேண்டாம். ஒட்டினாலும் அந்தக் கையின் விறைப்பு மற்ற மூன்றோடு ஒத்துப்போகாது. முதலில் அறுக்கும்போதே ஆறு கைகள் அறுத்து, ஆறிலும் துளையிட்டு, வார்னிஷ் அடித்து வையுங்கள். நான்கு பறக்கும், இரண்டு பெட்டியில் இருக்கும்.